வெயில் மாதத்துப் பாத்தியும் எங்கள் பிள்ளைகளின் தட்டும்

(தோட்டக் கமிட்டிகளின் மாதர் பிரிவுக் கூட்டத்தில் மாதர் பிரிவு சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்களுக்கு முன்னால் பேசியவர்கள் சம்பளத்தைப் பற்றியும் சேமலாப நிதியைப் பற்றியும் பேசினார்கள். மாதர் பிரிவு பேச எடுத்துக்கொண்டது லயத்து வாசலில் இருக்கிற மரக்கறிப் பாத்தியைப் பற்றி. போஞ்சிக்கும் கீரைக்கும் ஒரு சங்கக் கூட்டமா என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். ஒரு பாத்தி போட நிலம் வேண்டும், தண்ணீர் வேண்டும், நேரம் வேண்டும். தோட்டத்தில் இவை எவையும் எங்கள் கையில் இல்லை. எங்கள் கையில் இல்லாததைக் கேட்டு வாங்கத்தான் சங்கம் இருக்கிறது.

வெயில் மாதங்களில் என்ன நடக்கிறது?

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வெயில். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை வெயிலும் காற்றும். அந்தந்தப் பக்கத்துத் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் நல்ல பெயர் கிடைப்பதும் இந்த மாதங்களில்தான். ஆனால் மலையில் கொழுந்து குறைந்துவிடும். தேயிலைக்குப் பெயர் கிடைக்கிற காலத்தில் எங்களுக்குப் பேர் குறைகிறது. கிலோ குறைந்தால் அரைப்பேர், வேலை இல்லையென்றால் பேரே இல்லை. அடுத்த மாதச் சம்பளத்துண்டைப் பார்க்கும்போதுதான் அது முழுதாகத் தெரியும்.

சம்பளம் குறைந்தால் வீட்டில் முதலில் வெட்டுப்படுவது மரக்கறி. மாவும் அரிசியும் வாங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே காலையில் ரொட்டியும் சம்பலும், பகலுக்கு ரொட்டியும் சாயத்தண்ணீரும், இரவுக்குச் சோறும் ஒரு பருப்புக் கறியும். பெரியவர்கள் எப்படியோ சமாளிப்போம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது போதாது.

2016ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வின் கணக்கைப் பாருங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17.3 வீதம். தோட்டப் பகுதிகளில் மட்டும் 31.7 வீதம். பிள்ளை மடுவத்தில் முப்பது பிள்ளைகள் இருந்தால் ஒன்பது பத்துப் பேர். எங்கள் பிள்ளைகள் பிறவியிலேயே குட்டை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது பிறவியில்லை. அம்மாவின் வயிற்றில் இருக்கும் காலம் தொடங்கி இரண்டு வயது வரை, ஏறத்தாழ 1,000 நாட்கள், சாப்பாடும் சுத்தமான தண்ணீரும் சரியாகக் கிடைக்காமல் போவதால் வருவது. அந்த நாட்களில் விட்டதைப் பிறகு பிடிப்பது கஷ்டம்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பொருட்களின் விலை ஒரு வருடத்தில் 94.9 வீதம் கூடியிருந்தது. எங்கள் நாட்சம்பளமோ 2021 மார்ச் வர்த்தமானியில் வந்த அதே 1,000 ரூபா. முந்திய வருடம் இரசாயன உரத்தை நிறுத்தியதில் மரக்கறி விளைச்சலும் விழுந்திருந்தது. அந்த நாட்களில் வாசலில் நாலு மேரக்காயும் ஒரு பிடி கீரையும் இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

தேயிலை மண்ணில் மரக்கறி

பாத்தி போட்டுப் பார்த்தோம், சரிவரவில்லை என்று பல தங்கச்சிமார் சொல்கிறார்கள். காரணம் பெரும்பாலும் மண்தான். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும். மரக்கறிக்கு அந்தளவு புளிப்பு ஆகாது. கரட்டும் போஞ்சியும் பீட்ரூட்டும் அந்த மண்ணில் மஞ்சள் பிடித்து நின்றுவிடும். கடையில் டொலமைட் வாங்கிப் போடலாம். வாங்க முடியாதவர்களுக்கு அடுப்புச் சாம்பல் இருக்கிறது. விறகுச் சாம்பல் மண்ணின் புளிப்பைக் குறைக்கும். பத்தடி நீளம் மூன்றடி அகலமான பாத்திக்கு மூன்று நான்கு சிரட்டை சாம்பலைத் தூவி, கொத்திக் கலந்து, இரண்டு வாரம் விட்டு விதை போடுங்கள். பிளாஸ்டிக், பொலித்தீன் எரித்த சாம்பல் வேண்டாம். உருளைக்கிழங்குப் பாத்திக்கும் சாம்பல் வேண்டாம், கிழங்கில் சொறி விழும்.

வெயில் காலத்தில் எதைப் போடுவது? சீக்கிரம் வருவதையும், கொஞ்சத் தண்ணீரில் நிற்பதையும் போடுங்கள். முளைக்கீரை மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம். முள்ளங்கி ஒன்றரை மாதம், அதன் இலையையும் சுண்டலாம். போஞ்சி இரண்டு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். வல்லாரையும் பொன்னாங்காணியும் பீலித் தண்ணீர் வழிந்தோடும் கான் ஓரத்தில் வரும். ஆனால் அந்தத் தண்ணீரில் கக்கூஸ் கழிவு கலக்காத இடமாக இருக்க வேண்டும். மேரக்காய்க் கொடியை மழை முடிவதற்கு முன்னரே நட்டு வேர் பிடிக்க விட்டால், பிறகு வருடக்கணக்கில் காய்க்கும். அதன் கொழுந்தும் கறிக்கு ஆகும். கரட்டுக்கு மூன்று மாதத்துக்கு மேல் வேண்டும். லீக்ஸ் அதை விடவும் நாள் எடுக்கும். அவற்றை ஒரு ஓரத்தில் வையுங்கள், முழுப் பாத்தியையும் கொடுக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு முழ இடத்தில் கீரை விதை தூவினால், ஒரு பக்கம் பறிக்கும்போது மறுபக்கம் முளைக்கும். ஒரே நாளில் விதைத்தால் ஒரே கிழமையில் தின்று முடித்துவிட்டுப் பிறகு கடையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

தண்ணீர் குறைவாக இருப்பதால் பாத்தியை மூட வேண்டும். மானாப்புல்லை வெட்டி விதை வருவதற்கு முன் செடிக்கு அடியில் பரப்புங்கள். சவுக்கு இலையும் ஆகும். மண் காயாது, களையும் குறையும். அரிசி கழுவிய தண்ணீரையும் மரக்கறி கழுவிய தண்ணீரையும் கொட்டாதீர்கள். விடியற்காலையில் அல்லது வெயில் இறங்கிய பிறகு அடியில் ஊற்றுங்கள். நுவரெலியாப் பக்கத்தில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் பனி கருக்கும். அந்த இரவுகளில் இளஞ்செடியின் மேல் பழைய படங்கையோ சாக்கையோ போர்த்திவிட்டு, காலையில் எடுத்துவிடுங்கள்.

வாசலில் மண்ணே இல்லாத லயங்கள் இருக்கின்றன. அவர்களுக்குச் சாக்குப் பாத்தி. மாச் சாக்கில் மண்ணும் மக்கிய எருவும் நிரப்பி, நடுவில் ஒரு சாண் அகலத்துக்குச் சிறு கற்களை மேலிருந்து கீழ்வரை அடுக்கினால் ஊற்றும் தண்ணீர் அடிவரை இறங்கும். பக்கத்தில் துளை போட்டுக் கீரையும், மேலே தக்காளியோ கொச்சிக்காயோ நடலாம். இஸ்தோப்பு ஓரத்தில் இரண்டு சாக்கு வைக்க எந்த வீட்டிலும் இடம் இருக்கும்.

தட்டுக்கு வரும்போது

பறித்த கீரை பிள்ளையின் வாய்க்குள் போனால்தானே பலன்? ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும். ஆறு மாதம் முடிந்ததும் சோற்றோடு மசித்த பூசணி, கரட், கீரை. ஒரு தேக்கரண்டி எண்ணெயோ தேங்காய்ப் பாலோ சேர்த்தால்தான் அவற்றிலுள்ள விற்றமின் ஏ உடம்பில் பிடிக்கும். ஒரு வயது கடந்த பிள்ளைக்கு ரொட்டி மாவிலேயே கீரையை அரிந்து போட்டுப் பிசையலாம். கீரையைத் தள்ளி வைக்கிற பிள்ளை ரொட்டியைத் தள்ளாது. கீரையை இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி ஒரு சொட்டு விடுங்கள். அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும்.

இனிச் சொல்லப்போவது எங்களுக்கே கொஞ்சம் கசப்பான விஷயம். தேயிலைச் சாயம் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ரொட்டியோடு சாயத்தண்ணீர் குடிக்கப் பிள்ளையைப் பழக்கினால், வெயிலில் தண்ணீர் ஊற்றி வளர்த்த கீரையின் பலனில் பெரும்பங்கு போய்விடும். சிறு பிள்ளைக்குச் சாயத்தண்ணீர் வேண்டாம். கொதித்தாறிய தண்ணீர் கொடுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணீர் குடியுங்கள்.

கீரை மட்டும் பிள்ளையை வளர்த்துவிடாது. முட்டை, நெத்தலி, பருப்பு, பால் எல்லாம் வேண்டும். கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா அந்தப் பிள்ளைக்கும் தாய்க்கும் உரியது. அதை வீட்டில் எல்லோருக்கும் பங்கு வைக்காதீர்கள்.

பாத்திக்குள் பிள்ளைகள்

நாலு வயதுப் பிள்ளைக்குப் பாத்தியின் ஒரு மூலையைக் கொடுத்துவிடுங்கள். அதன் கையாலேயே முள்ளங்கி விதை போடட்டும். நாலைந்து நாளில் முளை தெரியும், பிள்ளை தினமும் ஓடிப் போய்ப் பார்க்கும். எங்கள் லயத்தில் மரக்கறி என்றாலே முகத்தைத் திருப்புகிற ஒரு பயல் இருந்தான். தான் நட்ட போஞ்சியை மட்டும் மற்றவர் தட்டில் போட விடாமல் தானே தின்றான். இப்போது அக்காவின் பங்கிலும் கை வைக்கிறான்.

பிள்ளை பாத்திக்குள் நடமாடுகிறதென்றால் சில கட்டுப்பாடுகள் வேண்டும். தண்ணீர் பிடித்து வைக்கும் பீப்பாயும் வாளியும் எப்போதும் மூடியிருக்க வேண்டும். தவழும் பிள்ளைக்கு அரை வாளித் தண்ணீரும் ஆபத்து, திறந்த பீப்பாயில் டெங்கு நுளம்பும் முட்டையிடும். மண்ணில் விளையாடி வந்தால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். காலுக்குச் செருப்பு வேண்டும். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுக்கும் நாளைத் தவறவிட வேண்டாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. களைக்கொல்லி வந்த கலனை, எத்தனை தரம் கழுவினாலும், தண்ணீர் ஊற்றவோ விதை வைக்கவோ எடுக்காதீர்கள். மருந்தடித்துவிட்டு வரும் அண்ணன்மாரே, அந்த உடுப்போடு பாத்திக்குள் இறங்காதீர்கள், பிள்ளையைத் தூக்காதீர்கள். குளித்து மாற்றிக்கொண்டு வாருங்கள். லயத்தை ஒட்டிய மலையில் மருந்தடிப்பதென்றால் முதல் நாளே பெரட்டில் அறிவிக்க வேண்டும் என்று ஒவ்வொரு கமிட்டியும் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். அறிவித்தால் பறிக்க வேண்டியதைப் பறித்து, பாத்தியை மூடி, பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொள்வோம்.

இது யாருடைய வேலை?

இனி, பின்வரிசையில் நிற்கிற அண்ணன் தம்பிமார் கொஞ்சம் முன்னால் வாருங்கள்.

ஒரு பெண்ணின் நாளை எண்ணிப் பாருங்கள். விடிய நாலரைக்கு எழும்பி அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து, பிள்ளையை மடுவத்தில் ஆயம்மாவிடம் விட்டு, பெரட்டுக்கு ஓட வேண்டும். பகல் கொழுந்து நிறுத்து, பின்னேரக் கொழுந்தும் நிறுத்து வீட்டுக்கு வரும்போது ஐந்து மணி. வரும் வழியில் விறகு. பிறகு சமையல், துணி, பிள்ளை. இதற்கு மேல் பாத்தியையும் அவள் தலையில் வைத்தால், இன்றைக்கு நாங்கள் பேசியது அவளுக்கு நன்மை இல்லை, இன்னொரு சுமை.

கவ்வாத்து, கான் வெட்டு, முள்ளு குத்துவது போன்ற கொந்தரப்பு வேலைகள் பல நாட்களில் பகல் ஒரு மணி, இரண்டு மணிக்கே முடிந்துவிடுகின்றன. அவை லேசான வேலை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பொழுது இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது. அந்தப் பொழுதில் ஒரு மணித்தியாலத்தைப் பாத்திக்குக் கொடுங்கள். மண் கொத்துவது, கம்பு நடுவது, தண்ணீர் தூக்குவது ஆண்களின் பொறுப்பு என்று வீட்டிலேயே பேசி முடிவெடுங்கள். மடுவத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினால் இன்னும் நல்லது. அப்பாவின் பின்னால் திரிந்து பழகிய பிள்ளை அப்பாவின் கையால் சாப்பிடவும் பழகும்.

சங்கத்துக்கு நாங்கள் வைக்கும் கோரிக்கைகள்

முதலாவது நிலம். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. நிலம் அரசாங்கத்தினது, குத்தகை கம்பெனியினது, பாத்தியில் வியர்வை எங்களுடையது. இருபது வருடம் எரு போட்டுப் பண்படுத்திய பாத்தியை, கன்று நடப் போகிறோம், நாளைக்குள் காலி செய் என்று ஒரு வாய்ச்சொல்லில் எடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பிரிவிலும் இருக்கிற பாத்திகளைக் கமிட்டி எண்ணி, யாருடையது, எத்தனை அடி என்று பதிவு செய்ய வேண்டும். எடுப்பதென்றால் எழுத்தில் அறிவித்தல், விளைச்சல் முடியும் வரை அவகாசம், மாற்று இடம் ஆகியவற்றை நாங்கள் கேட்கிறோம். ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,906 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடு போனாலும், வழியும் மலசலகூடமும் போக நல்ல பாத்திக்கு இடம் மிஞ்சும். அந்தக் காணி பெயரளவில் இருந்தால் போதாது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் முறையான உறுதியோடு வர வேண்டும்.

இரண்டாவது தண்ணீர். வெயில் மாதத்தில் ஒரு பீலியில் முப்பது குடும்பம் வரிசையில் நின்றால் குடிக்கவே போதாது, பாத்திக்கு எங்கே போவது? 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று சபைகள் சொல்ல முடியாது. லயத்துக்கு ஒரு தாங்கி, ஒரு குழாய் என்று எழுதிக் கொடுத்து, நாங்கள் வாக்குப் போட்ட உறுப்பினர்களிடம் பதில் கேட்க வேண்டும்.

மூன்றாவது நேரம். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு, ஒன்பது மணித்தியால வேலைக் காலத்தில் இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும் என்று மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. மடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். கிலோ குறையும் என்று பயந்து பல தங்கச்சிமார் இதை எடுப்பதில்லை. அந்த நேரத்தைக் கணக்கில் எடுத்து அவர்களுடைய கிலோ அளவைக் குறைக்கும்படி கமிட்டி கேட்க வேண்டும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. நாளைக்குச் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில், உங்கள் ஆட்களுக்குத்தான் வாசலில் மரக்கறி இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அங்கே உட்காரும் எங்கள் தலைவர்கள் பதிலை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது சதுர அடிப் பாத்தியில் அரிசி விளையாது, பால்மா விளையாது, பள்ளிச் சப்பாத்து விளையாது. பாத்தியில் வருவது எங்கள் ஓய்வு நேரத்தின் உழைப்பு. அதைக் கம்பெனி தன் சம்பளக் கணக்கில் கழிக்க முடியாது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டத்து மாதர் தலைவியும் இரண்டு விஷயங்களைக் கொண்டு வாருங்கள். ஒன்று, உங்கள் பிரிவிலுள்ள பாத்திகளின் பதிவு. மற்றது, உங்கள் பாத்தியில் முற்றவிட்டு எடுத்த ஒரு பொட்டலம் விதை. பதிவுகளைச் சேர்த்துச் சங்கம் நிர்வாகங்களுக்கு எழுதும். விதைகளை இந்த மேசையில் கொட்டி மாற்றிக்கொள்வோம். கீரை விதை உள்ளவர்கள் போஞ்சி விதையோடு வீட்டுக்குப் போகலாம்.